அறுபத்து மூன்று காது மிசின்களும் சுகந்தியின் மனசும்

கருவேலம்பாளையத்தில் தறிச்சத்தத்துக்குக் காதைக் கொடுத்துவிட்டுக் காது மிசின் போட்டுக்கொண்டவர்கள் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். ஆடி மாதத்து இரண்டாம் புதன்கிழமை சுகந்தி அந்த அறுபத்து மூன்று மிசின்களையும் வழக்கம்போலப் பிரித்துக் கழுவி, துடைத்து, காயவைத்து, திரும்ப மாட்டிக் கொடுத்தாள். வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து அவள் மனசுக்குள் நினைப்பதெல்லாம் அந்த அறுபத்து மூன்று மிசின்களிலும் கேட்க ஆரம்பித்தது.

முதலில் கேட்டது அவளுடைய அப்பா செங்கோடனுக்குத்தான். அன்று காலை அவர் பழைய பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு ஒன்றை எடுத்து, அதன் முதுகில் ஒட்டியிருந்த ஆரஞ்சு வில்லையை உரித்து, அது காற்றுக் குடிக்கட்டும் என்று மகள் சொல்லிக்கொடுத்தபடி ஒரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்திருந்து, மிசினுக்குள் போட்டு மூடிக் காதில் மாட்டினார். எப்போதும் முதலில் வருவது அடுத்த தெருத் தறிகளின் சடசடப்பு. அன்றைக்கு அதற்கும் முன்னால், தலைக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து பேசுகிற மாதிரி, 'மூணு விசிலா நாலு விசிலா, இந்த அரிசிய நம்பவே முடியாது' என்று கேட்டது.

"நாலு விடு கண்ணு" என்றார்.

அடுப்படியில் சுகந்தி கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஊக்கு அவள் பல்லிடுக்கில் இருந்தது. அதை எடுத்துவிட்டு, "ஏனுங்ப்பா, நான் ஒண்ணும் கேக்கலீங்களே" என்றாள். சொல்லி முடித்த பிறகும் அவள் குரல் ஓடிக்கொண்டே இருந்தது: 'சத்தமே இல்லாம சத்தம் கேக்குதாமா இவருக்கு. வயசாயிருச்சு. மிசினக் கழட்டிப் பாக்கோணும்.'

செங்கோடன் முப்பத்தெட்டு வருஷம் தறி ஓட்டியவர். சுகந்திக்கு ஐந்து வயதாகும்போதே அவர் காது போய்விட்டது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சொன்ன கதையெல்லாம் அவருக்கு வெறும் வாயசைவாகத்தான் நினைவிருந்தது. அவளைப் பவானியில் கட்டிக் கொடுத்ததும், மூன்றே வருஷத்தில் அவள் ஒரு பெட்டியோடு திரும்பி வந்ததும், ஈரோட்டில் காது டாக்டரிடம் வேலைக்கு நின்று தொழில் படித்துக்கொண்டு ஊரில் பேக்கரிக்கு மேலே ஓர் அறையைப் பிடித்துக் கடை போட்டதும் எல்லாம் அவர் பார்த்துத் தெரிந்துகொண்டவை, கேட்டுத் தெரிந்துகொண்டவை அல்ல. முதல் மிசினை அப்பாவுக்குத்தான் மாட்டிவிட்டாள். அதற்கப்புறமும் அவர்கள் இரண்டு பேரும் பெரிதாக எதையும் பேசிக்கொண்டதில்லை, பேசாமலே பழகிவிட்டது.

ஏழு மணிக்கு அவர் பேக்கரிக்கு டீ குடிக்கப் போனபோது, தறிக்கு நூல்தார் சுற்றுகிற நாச்சாக்கா பெஞ்சில் இடம் ஒதுக்கிக்கொண்டே கேட்டாள்: "செங்கோடண்ணா, உங்கூட்டுல இன்னைக்கு நாலு விசிலாமா?"

பெஞ்சில் இருந்த ஐந்து பேரும், காதுக்குப் பின்னால் ஆளுக்கொரு மிசின் வைத்திருந்த ஐந்து பேரும், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அதிகம் குழம்பவில்லை. ஆற்றங்கரையில் புதிதாக முளைத்த செல்போன் கோபுரந்தான் காரணம் என்றார்கள் சிலர். மாரியம்மனுக்குக் கம்பம் நட்ட நேரம் என்றார்கள் சிலர். ஒரே கை அறுபத்து மூன்று பேர் காதழுக்கையும் முகம் சுளிக்காமல் துடைத்தால் வேறு என்ன ஆகும் என்றாள் நாச்சாக்கா. காரணம் தேடியவர்கள் ஒரு வாரத்தில் சலித்துப் போனார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சலிக்கவில்லை.

அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. "சொன்னா அந்தப் புள்ள நெனைக்கறதையே நிறுத்திப்போடும். நெனைக்காம ஒருத்தி எப்படிப் பொழைக்கறது?" என்று நாச்சாக்கா கேட்டாள். நல்ல காதுக்காரர்களிடம் இதைச் சொல்லக்கூடாது என்று யாரும் யாரிடமும் சத்தியம் வாங்கவில்லை. ஆனாலும் ஒருவரும் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் ஊரின் ரகசியமெல்லாம் கேட்கிறவர்கள் பக்கமே இருந்தது, முதல்முறையாக ஒன்று இந்தப் பக்கம் வந்திருந்தது. "அறுபத்து மூவர் கூடிட்டாங்கப்பா, இனித் தேர் இழுக்க வேண்டியதுதான்" என்று பேக்கரிக்காரர் கேலி செய்தார். அவருக்கு நல்ல காது, அதனால் ஒன்றும் தெரியாது.

ஆவணி முழுக்க இப்படிப் போயிற்று. 'இந்த மனுசன் காதுல நெல்லே நடலாம்' என்று அவள் நினைத்த அடுத்த புதன்கிழமை, கடைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் காதைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார்கள். காதுக்குள் வைக்கிற அச்சைச் சோப்புத் தண்ணீரில் போடு, மிசினில் தண்ணீர் காட்டாதே, படுக்கும்போது மூடியைத் திறந்து வை, ஈரம் உறிஞ்சுகிற மணி போட்ட டப்பாவில் வை என்று நான்கு வருஷமாக அவள் தொண்டை வற்றச் சொன்னதையெல்லாம் ஒரே மாதத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். பச்சை நிலக்கடலை அவித்துத் தின்னால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள், சாயங்காலத்துக்குள் மூன்று வீட்டிலிருந்து நிலக்கடலை வந்தது. துணி காயுமா என்று நினைத்தாள், ஆறு தெருவில் கிழவர்கள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள். குளிக்கப் போனாள் என்றால் அறுபத்து மூன்று பேரும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அது யாரும் போடாத சட்டம். ஒரு மத்தியானம், பாத்திரம் தேய்த்துக்கொண்டே, பவானியில் அந்த வீட்டில் மூன்று வருஷம் என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லாததை அவள் தன்போக்கில் நினைத்துவிட்டாள். தார் சுற்றும் கொட்டகையில் பெண்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். ஏன் வாழாமல் வந்தாய் என்று ஒன்பது வருஷமாகக் கேட்டுவந்த கேள்வியை அன்றிலிருந்து ஊரில் ஒருத்தியும் கேட்கவில்லை.

செங்கோடனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அந்த மத்தியானத்துக்குப் பிறகு அவர் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார், எழுந்தார், வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். பெற்ற மகளின் மனசுக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்து நிற்கிற மாதிரி அவருக்குக் கூச்சமாக இருந்தது. மிசினைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு இரண்டு நாள் இருந்து பார்த்தார். அந்த அமைதி அவருக்குத் தெரியாததல்ல, முப்பது வருஷம் குடியிருந்த வீடு; இப்போது அதற்குள் கால் தரிக்கவில்லை. அவள் இப்போது என்ன நினைக்கிறாளோ, எதற்கு நெற்றியைச் சுருக்குகிறாளோ என்று மூன்றாம் நாள் காலையில் கை தானாகவே டப்பாவைத் திறந்தது.

புரட்டாசியில் அவள் நினைப்பின் நடை மாறியது. அதுவரை அரிசி, மழை, டியூப், அச்சு என்று வழக்கமான தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று நடுவில் நின்று நின்று எதையோ எட்டிப் பார்த்தது. 'இன்னைக்குப் பார்சல் இருக்குமா.' 'ஹெல்மெட்டக் கழட்டினா முடி சேவக்கொண்டையாட்ட நிக்குது, சொன்னாச் சிரிப்பாரு.' ஈரோட்டிலிருந்து பேட்டரி அட்டைகளும், மிசினையும் அச்சையும் இணைக்கிற டியூப் சுருளும் கொண்டுவருகிற கூரியர்க்காரன் முனிரத்தினம் அது என்று முதல் நாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவன் எந்த ஊர், எந்தத் தெரு என்பதும் தெரிந்துவிட்டது. அவன் அதை மறைக்கிற ஆள் இல்லை, இரண்டாவது தடவை பேசும்போதே சுகந்தியிடம் சொல்லியிருந்தான். அந்தத் தெருவில் செங்கோடனின் ஆட்கள் இன்றைக்கும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை.

அறுபத்து மூன்றும் இரண்டாகப் பிரிந்தது. இது அடுக்குமா என்றது ஒரு கட்சி. பவானியில் அவள் பட்டது மட்டும் அடுக்குமா என்று அந்தக் கட்சியைக் கேட்டாள் நாச்சாக்கா. பேக்கரி பெஞ்சில் கைநீட்டி, முகம் சிவந்து, எச்சில் தெறிக்கப் பேசிக்கொண்டவர்கள், செங்கோடன் வந்ததும் டீயைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவர் எந்தக் கட்சி என்று அவருக்கே தெரியவில்லை. ரத்தத்தில் ஊறியது ஒரு பக்கம் இழுத்தது. காதில் விழுவது மறுபக்கம் இழுத்தது. அவள் சிரிப்பதை, உதடு அசையாமல் உள்ளுக்குள் சிரிப்பதை, அவர் அப்போதுதான் முதன்முதலில் கேட்டார்.

ஒருநாள் மத்தியானம் அவர் கடையில் உட்கார்ந்திருக்கும்போது முனிரத்தினம் பார்சலோடு ஏறி வந்தான். வந்தவன், காது கேளாதவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று யாரிடம் கற்றானோ, அவருக்கு நேராக வந்து நின்று, முகம் வெளிச்சத்தில் தெரிகிற மாதிரி நின்று, அவசரமில்லாமல், "ஐயா, நல்லா இருக்கீங்களா?" என்றான்.

"இருக்கறம்ப்பா."

"இந்த மாசத்தோட எனக்கு மைசூருக்கு மாத்தலுங்கய்யா. பார்சல் குடோன்ல வேலை. இனி வேற ஆள் வருவாரு."

சுகந்தி பார்சலை வாங்கி அட்டைகளை எண்ணுகிறவள்போலக் குனிந்திருந்தாள். மிசினில் அவள் குரல் கெஞ்சியது: 'அப்பா, கொஞ்சம் எந்திரிச்சுப் போங்களேன். ஒரு நிமிசம் போதும். ஒரே ஒரு நிமிசம்.'

செங்கோடன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாக்குத் தீந்துபோச்சு, வாங்கிட்டு வாறேன்" என்று படியிறங்கினார். அவர் பாக்குப் போடுவதில்லை. பாதிப் படியில் மிசினையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அன்று அவர் ஒரு நிமிஷம் இல்லை, ஒரு மணி நேரம் தெருத்தெருவாக நடந்தார்.

ஐப்பசி பிறந்ததும் அவருடைய மகன் பூபதி வந்தான். இருபத்து நான்கு தறிக்குச் சொந்தக்காரன், அவை ஓடுகிற குடோனையொட்டிப் புது வீடு கட்டிக்கொண்டு மனைவி மக்களோடு தனியாக இருந்தான். பள்ளிபாளையத்தில் பெண்டாட்டி செத்துப்போன தறிக்காரர் ஒருவருக்குத் தங்கச்சியைப் பேசி முடித்துவிட்டு வந்திருந்தான். வருகிற ஞாயிறே பூ வைக்க வருகிறார்கள் என்றான்.

"உங்க இஷ்டமுங்ண்ணா" என்றாள் சுகந்தி.

அதற்கப்புறம் இரண்டு நாளும் அறுபத்து மூன்று காதிலும் 'மாட்டேன்' என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. தறியில் நாடா இந்தப் பக்கம் போகும்போது ஒரு மாட்டேன், அந்தப் பக்கம் வரும்போது ஒரு மாட்டேன். சோறு இறங்காமல், உட்கார இடம் கொள்ளாமல், ஊரே அந்த ஒற்றைச் சொல்லைத் தலைக்குள் வைத்துக்கொண்டு நடமாடியது. புதன்கிழமை பதினொரு மணிக்கு அது நின்றது. பிறகு தெளிவாக, 'நாளைக்கு' என்றாள்.

பூபதியின் குடோனில் அப்போது மிசின் போட்ட பதினொரு பேர் தறியில் நின்றிருந்தார்கள். இருபத்து நான்கு தறியும் இடித்துக்கொண்டிருந்த அந்தப் பேரிரைச்சலில் பதினொரு பேரும் ஒரே கணத்தில் தலையை நிமிர்த்தி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி அர்த்தநாரி அதைப் பார்த்துவிட்டான். நல்ல காதுக்காரனுக்கு எதுவும் கேட்காத இடத்தில் இவர்களுக்கு என்ன கேட்டது என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. அன்றும் மறுநாளும் துருவித் துருவி, பதினொருவரில் பயந்தவன் ஒருவனைத் தனியே கூட்டிப்போய் வேலை போய்விடும் என்று மிரட்டி, வியாழக்கிழமை மத்தியானத்துக்குள், எங்கே நிற்பாள் என்பது தவிர, எல்லாவற்றையும் கறந்துவிட்டான்.

அதற்குள் சுகந்தி கிளம்பியிருந்தாள். ஈரோட்டுக்கு டியூப் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு கைப்பையோடு வாசற்படியில் செருப்பை மாட்டினாள். 'திரும்பிப் பாத்தாப் போகமாட்டேன். பாக்காத. அப்பாவுக்கு ஒண்ணுந் தெரியாது. பாக்காத.'

செங்கோடன் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். "மழை வர்றாப்புல இருக்குது கண்ணு, பாத்துப் போ" என்றார். அவ்வளவுதான் வாயில் வந்தது.

அவள் திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து அவளோடு கூடவே நடந்தார்: பால் சொசைட்டி, பள்ளிக்கூடம், கரும்பாலைப் பிரிவு. அங்கே இரண்டு மணிக்கு முனிரத்தினம் வண்டியோடு வருவான் என்பது அவள் நினைப்பிலிருந்தே அவருக்குத் தெரியும். பவானி தாண்டி, அந்தியூர் வழியாகப் பர்கூர் மலை ஏறி மைசூர். 'ரெண்டாச்சு. இன்னும் காணோமே. வருவாரு. வராம இருக்கமாட்டாரு. அங்க வர்றது யாரு, அண்ணன் வண்டியா?'

அது அண்ணன் வண்டி அல்ல. அண்ணன் வண்டி அவர் வாசலில் வந்து நின்றது. பூபதி செருப்போடு உள்ளே வந்தான்.

"எங்கீங்ப்பா அவ?"

"ஈரோட்டுக்குப் போயிருக்கறா."

"அந்த மிசினக் கழட்டுங்."

"ஏம்ப்பா?"

"கழட்டுங்கன்னா கழட்டுங். அவ எங்க நிக்கறான்னு நான் கேக்கோணும்."

அவருக்கு யோசிக்கிற நேரம் இல்லை. மெல்லக் கழற்றினார், கழற்றும்போதே மூடியைத் திறந்து பேட்டரியை உள்ளங்கைக்குள் விட்டுக்கொண்டார். "பேட்டரி தீர்ற மாதிரி இருக்குது, இரு, புதுசு போட்டுத் தாறேன்" என்று அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்து, வில்லையின் வாலை மட்டும் நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, காற்றுப்போகிற துளைகளை வில்லை மூடியபடியே இருக்க, உள்ளே போட்டு மூடி மகன் கையில் கொடுத்தார். மூச்சுவிடாத பேட்டரி வெறும் தகரம். அது சுகந்திக்குத் தெரியும், செங்கோடனுக்குத் தெரியும், நாச்சாக்காவுக்குத் தெரியும். பூபதிக்குத் தெரியாது, அவன் தங்கச்சி கடைக்கு ஒருநாளும் போனதில்லை.

அப்பாவின் காதுக்கென்று வார்த்த அச்சை அவன் தன் காதில் வைத்துத் திருகினான். வலியில் முகம் கோணியது. கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றான். "ஒண்ணுமே கேக்கலியே" என்று அவன் உதடு சொன்னதைச் செங்கோடன் பார்த்தார்.

"உனக்குத்தான் நல்ல காதாச்சே பூபதி" என்றார். "உனக்கெப்படிக் கேக்கும்?"

பூபதி மிசினைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். எதிர்வீட்டு வாசலில் நாச்சாக்கா நின்றிருந்தாள். அவன் காதிலிருந்து அச்சைப் பிடுங்கியதை அவள் பார்த்திருந்தாள். குடோன் இரைச்சலில் வாயால் பேச முடியாது என்பதால் தறிக்காரர்களுக்கென்று ஒரு கைப்பேச்சு உண்டு. அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, ஒன்றை ஒன்று வெட்டுகிற மாதிரி இறக்கினாள். பாவு நூல் அறுந்தது, எல்லாத் தறியையும் நிறுத்து என்று அதற்கு அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்து அடுத்த தெருவுக்குக் காட்டினார். அடுத்த தெரு அதற்கடுத்த தெருவுக்குக் காட்டியது. பூபதியின் வண்டியைவிட வேகமாக அந்தக் கை ஊரைச் சுற்றி வந்தது.

அறுபத்து இரண்டு பேரும், அடுக்காது என்ற கட்சியும் அடுக்கும் என்ற கட்சியும் ஒன்றாக, மிசினைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்ள சுகந்தி கற்றுக்கொடுத்ததையெல்லாம் தலைகீழாகச் செய்தார்கள். ஒருத்தர் டியூப்பைப் பிடுங்கினார். ஒருத்தி அச்சின் துளையில் புளியை அடைத்தாள். ஒருத்தர் மிசினை மோரில் போட்டார். குடோனில் பதினொரு பேரும் பேட்டரியைக் கழற்றித் தறிக்கடியில் பஞ்சுக்குள் உருட்டிவிட்டார்கள். பயந்தவன்தான் முதலில் உருட்டினான். பூபதியும் அர்த்தநாரியும் வீடுவீடாகப் பிடுங்கி மஞ்சப்பையில் நிரப்பிய மிசின்களில் ஒன்றில்கூட உயிர் இல்லை. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அவர்கள் ஈரோட்டு பஸ்டாண்டுக்கு வண்டியை விட்டார்கள்.

ஆனால் அவர்களுக்குத் தெரியாதது இப்போது இவர்களுக்கும் தெரியவில்லை. அவன் வந்தானா, வரவில்லையா? அவள் அங்கேயே நிற்கிறாளா? காதில்லாத அறுபத்து மூன்று பேர் அந்தச் சாயங்காலம் வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தார்கள். செங்கோடன் செருப்புப் போட மறந்து கரும்பாலைப் பிரிவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். பிரிவில் யாரும் இல்லை. கரும்புச்சாறு வண்டிக்காரனிடம், "இங்க ஒரு பொண்ணு நின்னுதா?" என்று கேட்டார். அவன் சாறு பிழிந்துகொண்டே, முகத்தைத் திருப்பிக்கொண்டே, நிறையச் சொன்னான். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மறுபடி கேட்டார், அவன் மறுபடி சொன்னான். மழை பிடித்துக்கொண்டது. அவர் நனைந்தபடி மேற்கே பார்த்து நின்றார்.

பத்து நாள் கழித்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கடிதம் வந்ததாகவும், பதிவுக் கல்யாணம் ஆகிவிட்டது, என் விருப்பத்தோடுதான் வந்தேன் என்று அவள் கைப்பட எழுதியிருந்ததாகவும் எழுத்தர் சொன்னார். அதை நாச்சாக்காவின் மருமகள் ஒரு தாளில் எழுதிச் செங்கோடனிடம் காட்டினாள். கடிதம் எழுதிய கை நன்றாயிருக்கிறதா என்று தாளில் இல்லை. பூபதி தங்கச்சி செத்துவிட்டாள் என்று தலை முழுகினான். மஞ்சப்பையைக் குடோன் அலமாரியில் வைத்துப் பூட்டினான். அவன் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டான் என்பது அப்பாவுக்குத் தெரியவே சில நாள் ஆனது.

கார்த்திகை பாதியில் குடோனின் பதினொரு பேரும் வேலைக்கு வந்து, தறியைத் தொடாமல் வெளியே வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்களுக்காக நாச்சாக்கா போய்ப் பேசினாள். "காது வந்தாக் கை வரும், மொதலாளி." மூன்று நாள் இருபத்து நான்கு தறியும் சும்மா நின்றன. வாழ்நாளில் கேட்டறியாத அந்த அமைதியைப் பூபதியால் தாங்க முடியவில்லை. நாலாம் நாள் பையைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வீசினான்.

பேக்கரி மேசைமேல் பையைக் கொட்டினார்கள். எது யாருடையது என்று தெரியவில்லை; அச்சு அவரவர் காதுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், வளையல் கடையில் அளவு பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். புளியைக் கம்பியால் குடைந்தார்கள். மோர் குடித்ததைத் துடைத்து மணி டப்பாவில் மூன்று நாள் வைத்தார்கள். பிடுங்கிய டியூப்பை நூல் கட்டி இழுத்து ஏற்றினார்கள். கண் தெரிந்தவர் கை நடுங்கியவருக்கு உதவினார். கடைசியில் எல்லோரும் வில்லையை உரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்த ஒரு நிமிஷத்தை எண்ணினார்கள்.

செங்கோடன் மாட்டினார். தறி கேட்டது. பாய்லர் கொதிப்பது கேட்டது. அப்புறம், வெகுதூரத்திலிருந்து, இரைச்சலோடு: 'எஷ்டுன்னா எவ்வளவு. நீருன்னா தண்ணி. பேடான்னா வேண்டாம். இந்தக் கொழாயில எட்டு மணிக்கு மேல நீரு பேடாங்குது.'

நாச்சாக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உயிரோடு இருக்கிறாள். தண்ணிக்குக் கன்னடத்தில் சண்டை போடுகிறாள்.

அன்று சாயங்காலம்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தன் பெயர் வருகிறதா என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். கேஸ் அடுப்பு வந்தது, முனிரத்தினத்தின் கிழிந்த சட்டை வந்தது, பக்கத்து வீட்டுக்காரி வைத்த சாம்பாரில் வெல்லம் வந்தது. கருவேலம்பாளையத்திலிருந்து ஒருத்தரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. செங்கோடன் ஒரு வாரம் சோற்றுக்கும் எழுந்திருக்காமல் காத்திருந்தார். அப்பா என்ற சொல் அவள் நினைப்பில் வரவே இல்லை. அது அவருக்கு முதலில் முள்ளாகக் குத்தியது. பிறகு, அந்தச் சொல்லின் பக்கம் போகாமல் இருக்க அவள் எத்தனை தூரம் சுற்றி நடக்கிறாள் என்பது புரிந்தது. ஊரின் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று வாசற்படியில் எடுத்த முடிவை அவள் மனசு இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

மார்கழி முதல் வாரத்தில் ஒரு காலை, ஒரு முனகலாக: 'எல்லார் டியூப்பும் மஞ்சளாயிருக்கும். கல்லாட்டமா ஆயிருக்கும். யாரு மாத்துவா. நாச்சாக்காளுக்கு நாலு வெரல், அப்பாவுக்கு நாலரை…'

பத்தாம் நாள் நாச்சாக்கா பெயருக்குப் பார்சல் வந்தது. உள்ளே அறுபத்து மூன்று டியூப்புகள், ஒவ்வொருவர் காதளவுக்கும் வெட்டி, பெயர் எழுதிய சீட்டுச் சுற்றி. நாச்சாக்கா தனதை அன்றே மாற்றினாள், அவளுடையது வெடித்திருந்தது. மாற்றியதும் கையைத் தட்டிப் பார்த்தாள், மேசையைத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் கண்ணாடி மாதிரிக் கேட்டது. சுகந்தி மட்டும் கேட்கவில்லை.

"அவ மாட்டிவிட்ட பழைய டியூப்போடவே போயிட்டா, செங்கோடண்ணா" என்றாள்.

அதற்கப்புறம் ஒவ்வொருவரும் அவரவர் டியூப்போடு அவரவர் வீட்டில் போராடினார்கள். பழையது இறுகி, மஞ்சளாகி, பேரன் பேசுவது கேட்காமல், பஸ் ஹாரன் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதற்குள் அவள் இருந்தாள். தை பிறப்பதற்குள் ஒவ்வொருவராக மாற்றினார்கள். செங்கோடனின் டியூப் மட்டும் சுற்றிய சீட்டோடு அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. தெருவில் நடந்தால் வண்டிகள் உரசிக்கொண்டு போயின. நாச்சாக்கா திட்டினாள். "இன்னைக்கு மாத்தறேன்" என்று தினமும் சொன்னார்.

ஒருநாள் காலையில் அவள் மனசு பெரிதாக எதையோ நினைக்கப் போகிற மாதிரி அடங்கி நின்றது. நாள் தள்ளிப்போயிருப்பதை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கினாள். அதைக் கட்டின புருஷனுக்கு அவள் இன்னும் சொல்லவில்லை. செங்கோடன் சட்டென்று எழுந்தார், யாரோ துணி மாற்றுகிற அறைக்குள் நுழைந்துவிட்டவர்போலக் கூசி, அவள் எண்ணி முடிப்பதற்குள் மிசினைக் கழற்றினார். கத்தரிக்கோலை எடுத்தார். பழைய டியூப்பை நறுக்கிப் போட்டுவிட்டு, புதுசை நூலில் கோத்து அச்சின் துளைக்குள் இழுத்தார். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை ஏறியது. மிச்சத்தை வெட்டி, மாட்டினார். வீடு தெளிவாகக் கேட்டது, பல்லி கத்துவதுவரை. அவள் இல்லை.

மாசியில் ஒரு மத்தியானம் நாச்சாக்கா போனைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடி வந்தாள். "பேசுங்கண்ணா, பேசுங்க!" அவர் போனைக் காதில் வைக்காமல், மகள் பழக்கியபடி காதுக்குப் பின்னால், மிசினுக்கு நேராகப் பிடித்தார்.

"அப்பா…"

"சொல்லு கண்ணு."

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கறேன். நீ?"

"நல்லா இருக்கறேனுங்."

அவர் காத்திருந்தார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னொரு குரல் வரும் என்று பழக்கதோஷத்தில் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அவள் சொன்னது மட்டுந்தான் இருந்தது, உலகத்தில் எல்லா அப்பன்களுக்கும் இருக்கிற மாதிரி. நாக்கைப் புரட்டி, வாழ்நாளில் மகளிடம் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"நெசமாச் சொல்லு சாமி. எப்பிடி இருக்கற?"

மைசூரில் ஏதோ ஒரு தெருவில் சைக்கிள் மணி ஒன்று அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"காலையில எந்திரிச்சா ஒரே வாந்திங்ப்பா" என்றாள். "பயமா இருக்குது."

செங்கோடன் கட்டிலில் உட்கார்ந்தார். "சொல்லு" என்றார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.